ஒட்டுப்பால் கட்டு

எட்டுக்கால் பூச்சி கடித்து எங்கள் தோட்டத்தில் ஒருவரும் சாகவில்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் மடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். "கட்டுப் போட்டதாலதான் சாகல" என்பார்கள். அந்தக் கட்டைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் நடத்த வேண்டாம். அதை என் கையாலேயே கட்டியவள் நான்.

மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டம். ரப்பரை அங்கே கித்தா என்போம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்தோம். கித்தா விலை விழுந்தபோது ஆட்களை மந்தை மந்தையாகக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். எப்படியோ அதில் தப்பிப் பிழைத்து, விலை மறுபடி மெல்ல ஏறிக்கொண்டிருந்த சமயம் அது. எங்களுக்கு அடுத்தடுத்த நிரைகள், அதாவது மர வரிசைகள். என் வீட்டுக்காரரின் வெட்டு அவ்வளவு சுத்தம். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவார், மரத்துக்குக் காயமே படாது. வெள்ளைக்காரத் துரை மற்றவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டு நாய், பன்றி என்று திட்டுவான். இவர் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவான். எங்களுக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அந்தப் பேசாமல் போவதுதான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். வடிந்த பாலை வாளியில் சேர்க்கிற நேரம். பால் வடிவதற்காக மரத்தில் பொருத்தியிருக்கும் கிண்ணத்தை மங்கு என்போம். அப்படி ஒரு மங்கு கழன்று விழுந்து வேருக்கடியில் இருந்த பொந்துக்குள் உருண்டுவிட்டது. அவர் வலது கையை விட்டுத் துழாவினார். அடுத்த நொடி "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தார். பொந்து வாயில் அது நின்றது. உள்ளங்கை அகலம் இருக்கும். உடம்பெல்லாம் மயிர், கால்களில் கருநீலம். முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, வா பார்க்கலாம் என்பதுபோல நின்றது. நான் வாளியின் அடிப்பக்கத்தால் அதை நசுக்கினேன்.

முதல் நாள் வடிந்த பால் வெட்டின் மேலேயே காய்ந்து ஒட்டியிருக்கும். அதை உரித்தால் நாடா நாடாவாக வரும். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதையும் கூடையில் சேர்த்துக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். பாம்பு கடித்தாலும் பூரான் கடித்தாலும் எங்கள் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான். துணிக்கட்டு நேரமாக ஆகத் தளரும். ஒட்டுப்பால் தளராது. கை வீங்க வீங்க அது சதைக்குள் இறங்கும். இது எனக்கு அப்போது தெரியாதா என்றால், தெரியும். அதனால்தான் அதை எடுத்தேன். நாலைந்து நாடாவைச் சேர்த்து முறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் மணிக்கட்டுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கட்டினேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்த கங்காணி கட்டுக்குள் விரலை விட்டு நெம்பிப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை.

"நல்லாக் கட்டியிருக்கே. பார்வை பாக்குறவரு வந்து எறக்குற வரைக்கும் யாரும் அவுக்கப்படாது. அவுத்தா நெஞ்சுக்கு ஏறிரும்" என்றார்.

விஷக்கடிக்கு மந்திரித்துப் பார்வை பார்க்கிறவர் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் இருந்தார். அன்று பார்த்து ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மறுநாள்தான் வருவார் என்றார்கள். மருந்து கொடுக்கிற டிரசர் மூன்று தோட்டத்துக்கு ஒரே ஆள். அவருக்கும் அன்று எங்கள் தோட்டத்து முறை இல்லை. ஆளனுப்பிக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "டிரசருக்குப் பேதி மருந்தத் தவிர என்ன தெரியும்?" என்று கங்காணி சிரித்தார். நானும் தலையாட்டினேன்.

கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் வீட்டில் அவரைப் படுக்க வைத்தோம். கை வீங்கிப் பளபளத்தது. மதியத்துக்கு மேல் அவர் கெஞ்ச ஆரம்பித்தார்.

"அவுத்து விடு புள்ள. கடிச்ச எடம் வலிக்கல. கட்டுன எடந்தான் உசுரு போவுது."

"சும்மா இருங்க. நாளைக்கு வந்துருவாரு."

"கொஞ்சம் தளத்தியாச்சும் விடு."

அவர் இடது கை கட்டின் பக்கம் போகும்போதெல்லாம் நான் பிடித்து இழுத்தேன். கடைசியில் அந்தக் கையையும் என் முந்தானையால் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினேன். ஆமாம், நான்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று, இப்படி அல்லவா மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்று மெச்சினார்கள். கை நீலமாகி, பிறகு கறுத்தது. "பாத்தியா, வெசம் பூரா அங்கனயே நின்னு கறுக்குது" என்றார் கங்காணி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கை கறுக்கக் கறுக்க என் கட்டின் மேல் எனக்கு நம்பிக்கை ஏறியது. விடியும் முன் அவருக்கு வலி நின்றுவிட்டது. நான் மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தேன்.

மறுநாள் மதியம் பார்வை பார்க்கிறவர் வந்தார். வேப்பிலையால் தடவினார், ஊதினார், கட்டை அறுத்தார். கை அப்படியே கிடந்தது. விரலைக் கிள்ளினேன். "எங்கே கிள்ளுறே?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

அப்புறம் டிரசர் வந்து தலையில் அடித்துக்கொண்டு, லாரியில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

ஒற்றைக் கையால் மரம் வெட்ட முடியாது. உபயோகமில்லாதவர்களைக் கப்பலேற்றுவதுதான் வழக்கம். நான் வெட்டுகிறேன் என்பதால் அவரை விட்டு வைத்தார்கள். பெரட்டுக்களத்தைக் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். விடியற்காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுகிற இடம் அது. அவர் சீவிய மரங்களை வேறு யாரோ கொத்திக் குதறிக்கொண்டிருந்தான். அவர் அந்தப் பக்கமே போகமாட்டார்.

எனக்கோ பெரிய பேர் வந்துவிட்டது. புருஷன் உயிரை மீட்டவள். கப்பலில் புதிதாக வந்து இறங்கும் பெண்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார்கள். நானும் கதை சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பூச்சி வளர்ந்து சோற்றுத் தட்டு அளவுக்கு ஆனது. கதை நடக்கும்போது என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே, நன்றி கெட்ட மனுஷன் என்று உள்ளுக்குள் கருவிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிறகு என்னையும் அதே பூச்சி கடித்தது.

நிரையின் கடைசி மரம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. வேரோரம் சருகைக் கையால் ஒதுக்கினேன், கட்டைவிரல் அடியில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. அதே மயிர், அதே கருநீலக் கால். கடித்தது வலது கை. இடது கையால் ஒட்டுப்பாலை இழுத்துப் பல்லால் பிடித்துக் கட்டப் பார்த்தேன். கையெல்லாம் பால் ஈரம். நாடா வழுக்கி வழுக்கி விழுந்தது. நாலு தடவை முயன்றுவிட்டு, சரி, சாவு இந்த மரத்தடியில்தான் என்று உட்கார்ந்துவிட்டேன். பெருமாளையும் மாரியையும் கூப்பிட்டேன், பெற்றவளைக் கூப்பிட்டேன். வலி தோள்வரை போனது. கை வீங்கியது, உடம்பு கொதித்தது, தொடைச் சதை இழுத்துக்கொண்டது. வெயில் உச்சிக்கு வந்தது. நான் சாகவில்லை. பால் நிறுக்கிற சங்கு ஊதினார்கள். நான் எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

குளவி கொட்டியது என்று எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு நாள் காய்ச்சல். ஒரு வாரம் சதை அங்கங்கே பிடித்துக்கொண்டது. பிறகு ஒன்றுமில்லை. அந்த மயிர்ப்பூச்சியின் விஷம் அவ்வளவுதான். நல்ல பாம்புக்கோ கட்டுவிரியனுக்கோ இதைச் சொல்லவில்லை, அது வேறு. இந்தப் பூச்சி கடித்தால் வலியில் துடிப்போம், வீங்கும், அப்புறம் வற்றிவிடும். அவர் கையும் வற்றியிருக்கும்.

தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. யாருக்காகத் திறப்பது? கை போனது போனதுதான். என் பேரையும் எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குச் சோறு பிசைந்து வைக்கும்போது மட்டும் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை, என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தது. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணைப் பூச்சி காலில் கடித்துவிட்டது. பெரட்டுக்களத்தில் போட்டிருந்தார்கள். கங்காணி கணுக்காலுக்கு மேலே ஒட்டுப்பாலைச் சுற்றிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் விளக்குமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"வாம்மா. நீ கட்டினாத்தான் கட்டு. இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிப் போடு" என்றார் கங்காணி.

அந்தப் பெண் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னைய எப்படியாச்சும் காப்பாத்துங்க அக்கா." கால் நுனி வெளுத்துக்கொண்டிருந்தது.

இடுப்பிலிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து ஒட்டுப்பாலை அறுத்தேன்.

"ஏய், பைத்தியமா ஒனக்கு? அவ செத்தா நீ பதில் சொல்லுவியா?" கங்காணி கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"சாக மாட்டா. என்னையும் இதே பூச்சி கடிச்சிச்சு. போன வருஷம், குளவின்னு சொன்னேனே, அது குளவி இல்ல. நான் கட்டல. இதோ, உங்க முன்னாடிதான் நிக்கிறேன்."

களத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக என் வீட்டுக்காரரின் மொட்டைக் கையைப் பார்த்தார்கள். அவர் விளக்குமாற்றைக் கீழே விடாமல் நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மூன்று நாள் நானும் அவரும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னை உயிரோடு விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் காய்ச்சல் வந்தது, போனது. நாலாம் நாள் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தாள். உடனே எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? "அது குட்டிப் பூச்சி, வெசம் பத்தாது" என்றார் கங்காணி. எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு என்னைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். உயிரை மீட்டவள் என்ற அதே வாய்கள், புருஷன் கையைத் தின்றவள் என்றன. கட்டு வேண்டும் என்பதையும் கட்டுதான் கையைத் தின்றது என்பதையும் சேர்த்து எப்படி நம்ப முடிந்தது என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அவள் வேலைக்கு வந்த அன்று சாயங்காலம், வாசலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் போனேன்.

"சத்தியமா எனக்கு அன்னைக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ஈப்போ ஆஸ்பத்திரியில புண்ணக் கழுவி விட்ட ஆளு அப்பவே சொன்னான். பூச்சி ஒண்ணும் பண்ணல, கட்டுதான் கைய எடுத்துச்சுன்னு."

இத்தனை நாள் என் கதைக்கு நடுவே அவர் எழுந்து போனதெல்லாம் கண்முன் வந்தது. என்மேல் இருந்த பாசத்தால் மறைத்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அழுகை வந்தது.

"தெரிஞ்சும் ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒத்தக் கைய வச்சுக்கிட்டு, ஒன்னையப் பகைச்சுக்கிட்டு நான் எங்க போறது?" என்றார்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அதே லயத்தில் அவருக்குச் சோறு பிசைந்து வைத்தேன்.