புல் பூக்கிற மாதம்

சுவிஸ் மலையில் காற்றுக்குப் பேர்போன ஊர் டாவோஸ். காசுள்ளவர்கள் நல்ல மூச்சு எடுக்கவென்றே ரயிலேறி வருவார்கள். அந்த ஊரில்தான், தொண்ணூறுகளின் நடுவில், ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நான் மூச்சுவிட முடியாமல் கிடந்தேன். அநியாயம் என்றால் இதுதான் அநியாயம்.

முதல் கோடையில் வந்த இருமலைச் சளி, தடிமன் என்று விட்டுவிட்டேன். அடுத்த கோடையிலும் வந்தது. பனி கரைந்து, சரிவெல்லாம் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த நேரம். கண் சிவந்து ஒழுகியது, நெஞ்சு விசிலடித்தது, நாலு படி ஏறினால் இளைத்தது. அந்த முறை பயம் பிடித்துக்கொண்டது. ஹோட்டலிலேயே தங்கியிருந்த எங்களுக்குப் பிள்ளை பிறந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன.

குசினியில் என்னோடு நின்ற மூத்தவர் ஒருவரை எல்லாரும் அண்ணை என்போம். உதவி செய்கிறேன் என்று வந்து என் நித்திரையைக் கெடுத்தவர் அவர்தான்.

“தம்பி, இந்தக் கட்டிடம் முந்திக் கசநோய்க்காரரின்ர ஆஸ்பத்திரி. தெரியுமோ? அந்த பல்கனியெல்லாம் அவையளைக் கிடத்தி வைக்கக் கட்டினது.”

“சும்மா இருங்கோ அண்ணை.”

“நான் ஏன் பொய் சொல்லப்போறன்? டொக்டரிட்ட மட்டும் போயிடாதை. வந்த புதுசில எங்களை ஏன் நெஞ்சுப் படம் எடுத்தவங்கள்? கசம் எண்டு கண்டா வேலையும் இல்லை, விசாவும் இல்லை. பிள்ளையையும் தூக்காதை.”

எங்கள் அகதி வழக்குக்கு அப்போது முடிவு வரவில்லை. அதனால் மனைவியைத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளையைத் தொடுவதை நிறுத்தினேன். என் பீங்கான், என் துவாய், என் படுக்கை எல்லாம் வேறாயின. கதவடியில் நின்றுதான் பிள்ளையைப் பார்ப்பேன். இருமல் வந்தால் வெளியே ஓடிவிடுவேன். பெற்ற பிள்ளையைக் களவாகப் பார்க்கிற வாழ்க்கை! எரிச்சலாக இருந்தது, அழுகையும் வந்தது.

மனைவி சும்மா இருக்கிற ஆள் இல்லை. வெயில் பட்டால் கிருமி சாகும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். வெயில் எறித்த நாளெல்லாம் என் தலையணை, போர்வை, உடுக்கிற சாரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் விரித்துவிடுவாள். மத்தியானம் திருப்பிப் போடுவாள். பின்னேரம் சுடச்சுடக் கொண்டுவந்து தருவாள். நான் அந்தத் தலையணையில் முகத்தைப் புதைத்துப் படுப்பேன். விடிய எழும்பினால் கண் திறக்க முடியாது.

“வெயில் காணாது போல,” என்று அடுத்த நாள் இன்னும் வெள்ளனக் கொண்டுபோய் விரிப்பாள்.

ஒரு பின்னேரம் அவற்றை எடுக்க நான் போனபோது அந்தப் புல்லுக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். வாய்க்கு வந்தபடி கத்தினார். அவருடைய சுவிஸ் ஜெர்மன் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் ஏச்சு எந்தப் பாஷையிலும் விளங்கும். மாட்டுக்குக் காயவைத்துக் கொடுக்க வளர்க்கிற புல்லை நாங்கள் மிதித்து நாசமாக்கிவிட்டோமாம். குளிர்காலத்தில் என் மாடு உன் போர்வையையா தின்னும் என்று கேட்டார்.

ஏச்சுக்கு நடுவில் அவருக்குத் தும்மல் வந்தது. நிற்கவேயில்லை. பெரிய லேஞ்சியை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் என் கண்ணைப் போலவே சிவந்து ஒழுகியது. நானும் தும்மினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு என் தலையணையை எடுத்து ஒரு குத்துக் குத்தினார். மஞ்சள் தூள் வெயிலில் பறந்தது.

“ஹொய்ஷ்னுப்பே!” என்று தன் மூக்கையும் என் மூக்கையும் காட்டிச் சிரித்தார். புல் பூக்கிற மாதத்தில் வருடாவருடம் தனக்கும் இதே கூத்துத்தான், வெட்டி முடித்ததும் நின்றுவிடும், டொக்டரிடம் குளிசை இருக்கிறது என்றார்.

நம்ப ஆசையாக இருந்தது, நம்பப் பயமாகவும் இருந்தது. அண்ணைக்குச் சொல்லாமல் டொக்டரிடம் போனேன். நெஞ்சுப் படத்தை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் ஒன்றுமில்லை, புல்லின் மகரந்தம் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

அறைக்கு வந்து சொன்னதும் மனைவி தலையணையைப் பார்த்தாள்.

“ஐயோ கடவுளே! நஞ்சையெல்லோ நான் வெயிலில காயவைச்சுத் தந்திருக்கிறன்,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கினேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தாள். நான் கதவடியில் நின்ற நாட்களில் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள்! அந்த நேரம் பார்த்து மூக்குக்குள் அரித்தது. தும்மினேன். பழகிய கை தன்பாட்டில் பிள்ளையை மனைவியிடம் நீட்டியது, கால் கதவுப் பக்கம் திரும்பியது.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

“எங்க போறியள்? வைச்சிருங்கோ பிள்ளையை. தும்மிற மனிசன் இஞ்ச இருந்து தும்மட்டும்.”

அடுத்த தும்மல் வந்தது. பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே தும்மினேன்.