அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது அண்ணன் அல்ல

சென்ற ஆண்டு அம்மாவின் காரியத்துக்கு வந்தவர்கள், கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அம்மா நாற்காலியில் அமர்ந்திருக்க, அண்ணன் பக்கத்தில் நிற்கும் படம். "தாயும் பிள்ளையும் கடைசியிலயாவது சேர்ந்தாகளே" என்று பலர் கண் கலங்கினீர்கள். அந்தப் படத்தை இந்த நினைவு மலரில் போட நான் சம்மதிக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

அம்மா பொட்டிப்புரத்தில் பிறந்து உத்தமபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அம்மாதான் திராட்சைத் தோட்டங்களில் பழம் வெட்டி எங்கள் இருவரையும் ஆளாக்கினார். அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் திரும்பியவர் கிடையாது. தபால்காரருக்கும் ஒரு வாய் சோறு உண்டு.

ஆனால் ரோஷக்காரர். அண்ணன் வண்டிப்பெரியாறுக்கு எஸ்டேட் வேலைக்குப் போன இடத்தில் விரும்பித் திருமணம் செய்துகொண்டபோது, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதடா" என்றார். அண்ணனுக்கும் அதே ரத்தம்தானே! பத்து வருடம் மிதிக்கவில்லை. அம்மாவின் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. "ஒருக்கா அவங்கூட ஒரு போட்டா எடுத்துக்கிட்டாப் போதும்த்தா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு முறை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். அண்ணன் வரவில்லை.

மஞ்சள் காமாலையில் நினைவு தப்பிக் கிடந்த அம்மாவை, பழனிசெட்டிபட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அந்த வாரம், தெளிவில்லாமல் இருந்த அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தபோது, என் கணவர் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதைத் தேனியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். உறவினர் ஒருவர் தந்த அண்ணன் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கம்ப்யூட்டரில் என் கணவரின் கழுத்துக்கு மேல் பொருத்தினார்கள். "ஒட்டு தெரியாதுக்கா" என்றார் ஸ்டூடியோக்காரர். தெரியவில்லைதான்.

அம்மாவுக்கு நினைவு தெளிந்ததும், ஒட்டுப் படம் என்று சொல்லித்தான் கொடுக்க நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எப்பத்தா வந்தான்?" என்று கேட்டார். "நீ நெனவில்லாமக் கெடந்தப்ப அண்ணே வந்துச்சும்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

இரண்டு நாள்தான் அந்தச் சந்தோஷம். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மாப்பிள்ளை சட்டையில்ல? எம்பிள்ளை மாத்துத்துணிகூட இல்லாமயா வந்துச்சு?" என்றார். பிறகு, "சாப்பிட்டானா?"

"சாப்பிட்டுச்சும்மா."

"நான் போட்டேனா?"

தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பத்து வருடம் கழித்து வந்த பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போட்டோமா, அதைக்கூட மறந்துவிட்டோமா என்று தன்னையே நொந்துகொண்டார். தட்டில் சோற்றைப் போட்டால் பாதியில் கையை எடுத்துவிடுவார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் கோழையாக இருந்தேன். இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டார்.

சாவுச் செய்தி கேட்டுத் துட்டிக்கு வந்த அண்ணன் படத்தைப் பார்த்து, "ஏத்தா, நான் எப்ப இங்கன வந்தேன்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆள்தான விட்ட? ஸ்டூடியோவுக்கு அலைஞ்ச நேரத்துல குமுளி பஸ் ஏறி நீயே வந்து கூப்பிட்டிருந்தா, நான் வந்திருப்பேன்ல."



ஆஸ்பத்திரிக்கு வண்டியோட்டி அலைந்த பக்கத்து வீட்டாருக்கும், அம்மாவுக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், காரியத்தன்று வந்த அத்தனை பேருக்கும் முகம் கோணாமல் இலை போட்டுப் பரிமாறிய அண்ணிக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. அண்ணே வரலம்மா. நீ யாரையும் பட்டினியா அனுப்பல.