நடுப்படி லாச்சி

அந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் இருந்தது. கீழ்ப்படி முனகும், அடுத்தது பல்லைக் கடிக்கும், நடுப்படிதான் எல்லாவற்றிலும் பெரிதாய்க் கத்தும்; யார் எதுவரை ஏறிவிட்டார்கள் என்பதைச் சமையல் மூலையில் வெங்காயம் வெட்டியபடியே அம்மா சொல்லிவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலேர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அறை சிறியது, கூரையோ கோயில் மண்டபத்து உயரம். அந்த உயரத்தை வீணாக்காமல் பாதியில் பலகைத் தட்டு அடித்துப் படுக்கை இடம் செய்திருந்தார்கள். அதற்குப் பெயர் "சொப்பால்கோ".

தட்டுக்கு ஏற முதலில் ஓர் இரும்பு ஏணிதான் இருந்தது. அப்பா வேலை செய்த வீட்டு அம்மணியின், அந்த ஊர்ப்பேச்சில் சிஞ்ஞோராவின், கணவர் கப்பலில் திரிந்தவர். அவர் யப்பானிலிருந்து கொண்டுவந்த தளபாடம் ஒன்று, அவர் செத்தபின் அந்த வீட்டில் யாருக்கும் வேண்டாததாய்க் கிடந்தது. பக்கத்தால் பார்த்தால் அலுமாரி, முன்னால் பார்த்தால் படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் அடியில் இரும்புக் கைபிடி வைத்த "லாச்சி", அதாவது இழுப்பறை. இடம் போதாத வீடுகளுக்கென்றே யப்பான்காரர் செய்ததாம். சிஞ்ஞோரா சும்மா தந்த அதை அப்பா "லாப்பா" என்கிற மூன்று சில்லு வண்டியில் ஏற்றிவந்து இறக்க, அம்மா லாச்சி லாச்சியாக இழுத்து, மூக்கை வைத்து மணந்து, தட்டிப் பார்த்தார். சும்மா தருகிறவளுக்கு ஏதோ ஒரு நோக்கம் இருக்குமாம். தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதோ என்று அப்பா சிரித்தார். பார்க்கத்தான் வேணும் என்றார் அம்மா.

நடு லாச்சியில் அம்மாவின் தாலிக்கொடி இருந்தது. ஊரைவிட்டு வரும்போது விற்காமல் காப்பாற்றிய ஒரே பொருள் அது. பஸ்ஸில் சங்கிலி அறுக்கிறார்கள் என்ற பயத்தில் கழுத்தில் போடமாட்டார். சுவரெல்லாம் ஈரம் ஊறி நல்லூர் முருகன் படத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கவே, அதையும் பட்டுத்துணியில் சுற்றி, கொடிக்குக் காவலாக அதே லாச்சியில் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுத்து விளக்கேற்றுவார்.

வாடகையைத் தனியே தாங்க முடியாமல் அப்பா மேல்தட்டில் ஓர் ஆளைக் குடிவைத்தார். மொரிஷியஸ்காரர், இளைஞர், முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலை. பெயர் வீராசாமி. தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, ஆனால் தமிழில் ஒரு வசனம் வராது. எங்களோடு இத்தாலியனில்தான் கதைப்பார். சந்தேகப்பட அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்! தமிழ் தெரியாத தமிழன் உலகத்தில் இருப்பானோ, நடிக்கிறான், நாங்கள் கதைக்கிறதெல்லாம் அவனுக்கு விளங்கும் என்றார். அதன்பிறகு வீட்டில் கொடியைப் பற்றிய கதையெல்லாம் கண்ணால்தான். பாலையும் வைத்துப் பூனையையும் குடியிருத்திவிட்டதாக அப்பாவுக்குத் தினமும் ஏச்சு விழும்.

ஒருநாள் பின்னேரம் வீராசாமி வேலையால் வந்து ஏறினார். கீழ்ப்படி முனகியது, அடுத்தது பல்லைக் கடித்தது, பிறகு நடுப்படியின் சத்தத்தைக் காணவில்லை. ஒரே எட்டில் அதைத் தாண்டிப் போயிருந்தார். மறுநாளும் அப்படித்தான், இறங்கும்போதும் அப்படித்தான். அம்மாவின் கத்தி வெட்டுப்பலகையில் நின்றுவிட்டது.

“உவன் ஏன் அந்தப் படியை மட்டும் மிதிக்கிறேல்லை? உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு அறிஞ்சிட்டான். சத்தம் போடாமல் எடுக்கப் பழகிறான்.”

அரண்டவன் கண்ணுக்கு என்று தொடங்கிய அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். அவரையும் பயம் தொட்டுவிட்டது. நானும் முழுதாக நம்பினேன். வீராசாமி ஏறும்போதெல்லாம் புத்தகத்துக்கு மேலால் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவதென்று முடிவாயிற்று. அது லேசான காரியமில்லை. அவருடைய "பெர்மெஸ்ஸோ", நாட்டில் இருக்கிற அனுமதி, அப்போது புதுப்பிக்கக் கிடந்தது. அதற்குக் கொடுத்திருந்தது எங்கள் வீட்டு விலாசம். விலாசம் போனால் அனுமதியும் போகலாம் என்று அப்பாவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைக் கீழே கூப்பிட்டு, ஏன் அந்தப் படியை மிதிப்பதில்லை என்று அப்பா கேட்டார். வீராசாமி எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். பிறகு நடு லாச்சியைக் காட்டி இரண்டு கையையும் கூப்பினார்.

“முருகா,” என்றார்.

அவர் வாயால் நாங்கள் கேட்ட ஒரே தமிழ்ச் சொல் அதுதான். வெள்ளிக்கிழமை அம்மா விளக்கு வைத்துவிட்டுப் படத்தைத் திரும்ப உள்ளே வைத்ததை மேலிருந்து கண்டாராம். சாமிக்கு மேல் எப்படிக் கால் வைக்கிறது என்று இத்தாலியனில் எங்களையே திருப்பிக் கேட்டார்.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. லாச்சி பக்கத்தால் திறப்பதால், அது காலுக்குக் கீழே இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை மாதமும் நாங்கள் எல்லோரும் அந்தப் படியை மிதித்துத்தான் ஏறி இறங்கினோம். ஐயோ முருகா என்று அம்மா லாச்சியை இழுத்துப் படத்தைத் தூக்க, துணியோடு சேர்ந்து வந்த கொடி கலீரென்று தரையில் விழுந்தது. வீராசாமி கொடியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். நாங்கள் எதற்காகக் கேட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அம்மா இருக்கச் சொன்னார், சோறு போட்டார், அப்பா தோளைப் பிடித்துக் கெஞ்சினார். வீராசாமி கோபப்படவில்லை. தன் இத்தாலியனில் மெதுவாகச் சொன்னார்:

“சிஞ்ஞோரா, நாளைக்கு நீங்களே அந்தக் கொடியை எங்கேயாவது மறந்து வைப்பீர்கள். அப்போதும் முதலில் மேலேதான் பார்ப்பீர்கள்.”

அந்தக் கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாப்போலிக்குக் கப்பல் ஏறினார் என்று யாரோ சொன்னார்கள்.

இப்போது அதே நகரத்தின் ஒரேத்தோ பகுதியில் லிஃப்ட் உள்ள வீட்டில் இருக்கிறோம். அந்தப் படிக்கட்டு அலுமாரி புது வீட்டு வாசலுக்குள் நுழையாமல், பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் போயிற்று. பழைய வீட்டில் இன்று உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களும் மொரிஷியஸ்காரரும் கும்பிடப் போகிற சாந்தா ரொசாலியா மலைக்கோயிலுக்குப் போனால், படியில் எதிர்ப்படுகிற மொரிஷியஸ்காரர் ஒவ்வொருவருடைய முகத்தையும் உற்றுப் பார்ப்பார். கண்டால் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று போன மாதம் கேட்டேன்.

“சாமிக்கு மேலை காலை வைச்சது நாங்கள், வீட்டை விட்டுப் போனது அந்தப் பிள்ளை,” என்றார். “பெர்மெஸ்ஸோ கிடைச்சதோ எண்டாவது கேக்கோணும்.”