மௌரீனின் பொத்தான்கள்

கடைசிப் பொத்தானைத்தான் மௌரீன் முதலில் அழுத்திப் பார்ப்பாள். காலை ஷிப்ட் தொடங்கிக் கணக்கு ஏற ஆரம்பிப்பதற்கு முன்னால் லைனின் முனையில் இருக்கும் தொடுதிரைக்கு எதிரே போய் நின்று, துப்பட்டா நுனியால் கண்ணாடியை ஒரு துடை துடைத்துவிட்டு, கீழ் வரிசையின் ஓரத்தில் இருக்கும் ஷில்பா என்று பெயர் போட்ட பொத்தானில் விரலை வைப்பாள். அது பச்சையாகி அணைந்ததும் நடுவில் ஒன்று, அப்புறம் முதலாவது. மூன்றும் ஒழுங்காக இருந்தால், "ஆங், எழுந்துகினியா?" என்று திரையைக் கேட்பாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் காப்பி.

பெங்களூருக்கு வெளியே பொம்மசந்திராவில் வண்டிகளுக்கு ஒயர்க் கட்டு செய்து கொடுக்கும் தொழிற்சாலை அது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக ஒயர்களைப் பின்னி, நாடா சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். ஒரு பெட்டி நிறைந்ததும் எழுந்து போய்த் திரையில் தன் பெயர் போட்ட பொத்தானை ஒரு அழுத்து அழுத்த வேண்டும். யார் எத்தனை பெட்டி முடித்தார்கள் என்பது மானேஜர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் உடனே தெரிந்துவிடும்.

மௌரீன் வருவதற்கு முன்பு இந்தப் பொத்தான்களைக் கோரமங்களாவிலிருந்து ஒரு ஆள் வந்து வரைந்து கொடுத்துவிட்டுப் போவார். பொத்தானுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பெயர், எல்லாம் கையால். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தால் அவர் மறுபடி வர வேண்டும். அவர் லேசில் வர மாட்டார். அதுவரை புதுப் பெண் பெயரில்லாமலே பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பாள்.

மௌரீனை எடுத்தது டேட்டா என்ட்ரிக்குத்தான். பில்லைப் பார்த்துத் தட்டச்சு செய்வதற்கு மேல் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒவ்வொண்ணா குந்திகினு எவன் வரைவான்? லிஸ்ட்ட குடுத்தா போதும், அதுவே பொத்தான் போட்டுக்கும்" என்று சொல்லி, சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அது பெயர்ப் பட்டியலைத் திறக்கும். ஒவ்வொரு வரியாகப் படிக்கும். ஒரு வரிக்கு ஒரு பொத்தான் என்று தானே உண்டாக்கி, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அடுக்கிவிடும். புதுப் பெண் வந்தால் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது வேலை. மானேஜர் ஆராவமுதன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தவர், கோரமங்களாக்காரரைக் கூப்பிடுவதை அதோடு நிறுத்திவிட்டார்.

செய்ததையே திரும்பச் செய்வது என்றால் மௌரீனுக்கு உடம்பு எரியும். நீலசந்திராவில் சித்தி வீட்டு மாடியறையில் அவளுடைய வாரத்துக்கான சுடிதார்கள் துப்பட்டாவும் ஊக்கும் சகிதம் ஞாயிற்றுக்கிழமையே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சப்பாத்தி அவளுக்கு ஆகாது. வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது, ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம்தான். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் செய்யும்போது சித்தி ஒவ்வொன்றாக முள்கரண்டியில் சுருட்டிக்கொண்டிருக்க, இவள் சீப்பை எடுத்துக் கழுவி ஒரே இழுப்பில் நாலைந்தைச் சுருட்டப் பார்த்து, அடி வாங்காத குறை.

கோலாரில் தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் கீழே இறங்கியவர் அவள் அப்பா. மூடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததுமே மகளை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு கீபோர்டுக்கு இரண்டு பேர். பக்கத்துப் பையன் தட்டும்போது இவள் வாயால் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. செருப்பை மேஜைக்கடியில் கழற்றிப் போட்டுவிட்டு, பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, "மொத பேர எட்ரா... பொத்தான் போட்ரா... அட்த்த பேருக்குப் போடா" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் எழுதுவாள். புதிதாக வருகிறவர்கள் யாரையோ திட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசிப் பொத்தானை முதலில் அழுத்துவதற்கும் ஒரு கதை உண்டு. ஸ்கிரிப்ட் லைனுக்கு வந்த முதல் நாள் யார் எதை அழுத்தினாலும் ஷில்பா கணக்கில்தான் பெட்டி ஏறியது. ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று மௌரீன் நம்பியிருந்தாள். அவையோ பட்டியல் எந்தப் பெயரில் போய் முடிந்ததோ அந்தப் பெயரையே ஒட்டுமொத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. மத்தியானம் வரை அந்த லைன் முழுவதும் ஷில்பாவாகவே இருந்தது. ஷில்பாவை மானேஜர் பாராட்டக் கூப்பிட, அவளோ வேலையை விட்டு அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மௌரீனும் சிரித்தாள். அன்றே சரி செய்தும் விட்டாள். அன்றிலிருந்துதான் காலைச் சோதனை ஷில்பாவில் தொடங்கியது.

அப்புறம், பட்டியலில் முதல் பெயராக இருந்த பிரிஜெட் கல்யாணமாகி வேலையை விட்டாள். ஆராவமுதன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மௌரீன் பட்டியலிலிருந்து ஒரு வரியை அழித்தாள். திரையில் பிரிஜெட் மறைந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த பொத்தான்கள் எல்லாம் ஒவ்வோர் இடம் முன்னால் நகர்ந்து ஓட்டையை அடைத்துக்கொண்டன.

"பாத்தீங்களா சார்? அதுங்களே தள்ளிக் குந்திக்கும்."

"பலே. வர்ற மாசம் உன்னை டேட்டா என்ட்ரியிலேர்ந்து மாத்தி பர்மனென்ட் போட எழுதறேன், பாரு" என்றார் அவர். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் நீலசந்திரா வரைக்கும் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியக்கூட இல்லை.

லைனில் சின்னத்தாய் என்று ஒரு அம்மா இருந்தாள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து தொழிற்பேட்டைக்குப் பின்னாலேயே குடியிருந்தவள். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். பிரிஜெட் போன நாளிலிருந்து அவள் கணக்கில் ஒரு பெட்டிகூட ஏறவில்லை. சூப்பர்வைசர் சுனில் முதல் நாள் நல்லவிதமாகக் கேட்டான்.

"அமுக்குனனே சாமி. பச்ச வந்துச்சே" என்றாள் சின்னத்தாய்.

மறுநாளும் பூஜ்யம். சுனிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "மெஷின் சுள்ளு ஹேளல்லா அம்மா" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். எந்திரம் பொய் சொல்லாது என்றால் பொய் சொல்வது யார் என்று அவன் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.  அதற்கப்புறம் சின்னத்தாய் பெட்டி நிறையும்போதெல்லாம் பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு, "பாத்துக்க தாயி, நான் அமுக்கறேன்" என்று காட்டிவிட்டு அழுத்த ஆரம்பித்தாள். பச்சை வருகிறதா என்று மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள். வேலையை விட்டுவிட்டு எத்தனை தடவை எழுந்து வருவார்கள்? இரண்டொரு நாளில் அவர்களும் எரிச்சல்பட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆராவமுதன் மௌரீனின் மேஜைக்கு வந்தார். "சின்னத்தாயைத் திங்கக்கிழமையிலேர்ந்து வேண்டாம்னு சொல்லிடப் போறேன். வேலை செய்யலைன்னாகூட பரவாயில்லை, பொய் சொல்றா பாரு. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு" என்றார்.

மௌரீன் பட்டியலைத் திறந்தாள். அழிப்பதற்கு முன்னால் அன்றைய கணக்கையும் ஒரு பார்வை பார்ப்பது அவள் வழக்கம். சின்னத்தாய்க்கு அடுத்த பெயர் ஜெனிஃபர். அன்று காலையிலிருந்து ஜெனிஃபர் பெயரில் மளமளவென்று பெட்டி ஏறியிருந்தது. ஜெனிஃபரோ அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று லீவில் இருந்தாள்.

செருப்பைக்கூடப் போடாமல் மௌரீன் லைனுக்குப் போனாள். தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். சின்னத்தாய் பெட்டியை மூடினாள். திரைக்கு வந்தாள். கை மேல் வரிசைக்குப் போனது, இரண்டாவது பொத்தானை அழுத்தியது, பச்சை வந்தது. அவள் கண் எழுத்தின் பக்கமே போகவில்லை. பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பெயர். சின்னத்தாய்க்கு அது இடம். வேலைக்குச் சேர்ந்த அன்று, பிரிஜெட்டுக்குப் பக்கத்துக் கட்டம் உன்னுடையது என்று யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதைத்தான் இன்றுவரை அழுத்துகிறாள். பிரிஜெட் போனதும் அந்த இடத்துக்குச் சின்னத்தாயின் பொத்தான் நகர்ந்துவிட்டது. சின்னத்தாயின் இடத்தில் ஜெனிஃபர் வந்து உட்கார்ந்திருந்தாள்.

  மௌரீன் தன் இடத்துக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்தாள். யோசித்துப் பார்த்தால் சுலபமான வழி ஒன்று இருந்தது. பட்டியலில் பிரிஜெட் இருந்த இடத்தில் ஒரு வெற்று வரியைப் போட்டுவிட்டால் எல்லாப் பொத்தான்களும் பழைய இடத்துக்கே போய்விடும். இப்போது ஒழுங்காக அழுத்துகிறாள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சின்னத்தாயின் வேலையும் தப்பிக்கலாம், ஸ்கிரிப்டும் தப்பிக்கும், பர்மனென்டும் வரும். பொய்க்காரி என்ற பெயர் மட்டும் சின்னத்தாயிடம் இருந்துவிடும். அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? வெற்று வரியைச் சேர்க்கக் கைகூட வைத்துவிட்டாள்.

பிறகு எழுந்து ஆராவமுதனின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தக்கா அமுக்கிகினுதான் இருந்தாங்க. என் ப்ரோக்ராம்தான் அதக் கொண்டுபோய் ஜெனிஃபருக்குக் குட்துச்சி."

அவர் நம்பவில்லை. அவள் விளக்கினாள். அவர் லீவு ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி மேஜைமேல் வைத்தார்.

"நீதானேம்மா சொன்னே, லிஸ்ட்டைக் குடுத்தா போதும்னு?"

"சொன்னேன் சார். லிஸ்ட்ல பேர்தான் இருந்துச்சி. ஆள் எங்க கைய வெக்கிறாங்கன்னு நான் பாக்கவேல்ல."

ஆராவமுதன் கெட்டவர் இல்லை.  "அந்தம்மா இருக்கட்டும். சுனில்கிட்ட நான் சொல்றேன். ஆனா மௌரீன், கோரமங்களாக்காரனை வரச் சொல்லித்தான் ஆகணும். உன் விஷயத்தை அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அவள் சரி சார் என்றாள். அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அழுகை வந்தது, அங்கே அழவில்லை.

லைனுக்குப் போய் சின்னத்தாயின் எதிரில் நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒயரைக் கீழே வைத்தார்கள்.

"அக்கா, நீங்க அமுக்குனது சரிதான். நான்தான் உங்க எடத்த மாத்திட்டேன். உங்ககிட்ட சொல்லாம மாத்திட்டேன்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

சின்னத்தாய் திரையைக் காட்டினாள். "அப்ப பச்ச வந்தது?"

"வந்தது நெஜம்தான் அக்கா."

"நான் பொய் சொல்லல."

"இல்லக்கா."

சின்னத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவளைப் பார்த்து, "கேட்டுக்க தாயி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கோரமங்களாக்காரர் வரும்வரை திரை மௌரீனுடையது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். "எல்லாரும் ஒவ்வொருத்தரா வாங்க. உங்க பொத்தான் எங்க இருக்குன்னு கைய வெச்சிக் காட்டுங்க. பேருக்குப் பக்கத்துல எடத்தையும் நான் எழுதிக்கிறேன். இனிமே யார் வந்தாலும் போனாலும் அது நகராது" என்றாள். ஒவ்வொண்ணா எவன் வரைவான் என்று கேட்டவள்தான். ஷில்பா களுக்கென்று சிரித்துவிட்டு, மௌரீனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முதலில் சின்னத்தாய் வந்தாள். கையைப் புடவையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டாள். மேல் வரிசையில் இரண்டாவது கட்டத்தின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். மௌரீன் தட்ட ஆரம்பித்தாள். ஒரு பெயரும் ஒரு இடமும் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எழுதி, சேமித்து, அதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதும் அந்த விரல் அங்கேயே அழுந்திக்கொண்டிருந்தது, நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு. பின்னால் வரிசை காத்திருந்தது. எடுத்துக்கோங்கக்கா என்று மௌரீன் சொல்லவில்லை. கீபோர்டின்மேல் கைகளை வைத்துக்கொண்டு, அந்த விரல் தானாக விலகும்வரை உட்கார்ந்திருந்தாள்.