மஞ்சள் குங்குமமும் ஆரஞ்சுச் சுளையும்

புனேவை ஒட்டிய பிம்ப்ரியில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் சங்கராந்தியை ஒட்டி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் மஞ்சள் குங்குமத்துக்குப் போவார்கள். என் வீட்டுக்கும் வருவார்கள். குங்குமம் வைத்துக்கொண்டு, எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, உடனே செருப்பைத் தேடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எனக்கு மராத்தி தெரியும், வாய்தான் திறக்காது. இந்த வருடமாவது அவர்கள் கொஞ்சம் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அதனால் கூடத்து மேசையில் என் மைக்ராஸ்கோப்பை வைத்தேன். ஒற்றை லென்ஸ், அடியில் சின்னக் கண்ணாடி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பூட்டிய பீரோவுக்குள் பார்த்ததோடு சரி. போன மாதம் புனேயின் கேம்ப் பகுதிக் கடையொன்றில் கண்டதும் வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து எலுமிச்சையோ சாத்துக்குடியோ என் லென்ஸைத் தாண்டாமல் யார் வாய்க்கும் போவதில்லை.

"வர்றவங்களுக்குக் கண் டெஸ்ட்டா?" என்று கேட்டுவிட்டுக் கணவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டுக்காரி. பின்னாலேயே நாலைந்து பேர். பதற்றத்தில், தட்டில் உரித்து வைத்திருந்த ஆரஞ்சுச் சுளை ஒன்றை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன். எதிர்வீட்டுக்காரி குனிந்தார்.

"அய்யய்யோ வஹினி, உங்க ஆரஞ்சுக்குள்ள செங்கல் கிடக்கு!" என்று மராத்தியில் அலறினார். வஹினி என்றால் அண்ணி.

நானும் பார்த்தேன். சாறு முத்துகள் வாடிச் சுருங்கிக் கிடந்தன. மேலே சிவப்புப் பாறைகள். விருந்தாளிக்கு வைக்கும் பழம் எதுவானாலும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவது எங்கள் வீட்டு வழக்கம். கணவர் தூவிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் "எங்கே, எங்கே?" என்று எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். மிளகாய்த்தூளைப் பார்த்து ஒரே சிரிப்பு. அவசரமாக வேறு பழம் உரித்தேன். சவ்வைப் பிரித்து வைத்தபோது வாய் தானாகத் திறந்தது.

"இப்ப பாருங்க. ஒவ்வொரு முத்தும் ஒரு குட்டிப் பை. ஒவ்வொண்ணுக்கும் நூல் மாதிரி ஒரு காம்பு இருக்கு."

வெளிச்சம் ஊடுருவிய அந்தப் பைகள் சாறு தளும்ப மின்னின. அடுத்துத் தோலைச் சீவி, வட்ட வட்டமான எண்ணெய்க் குழிகளைக் காட்டினேன். ஒருத்தி சந்தேகப்பட்டுத் தோலைப் பிதுக்க, எண்ணெய் இன்னொருத்தி மூக்குக்கண்ணாடியில் தெறித்தது.

"பழி வாங்குறியா?" என்றாள் கண்ணாடிக்காரி.

"முந்தாம ஒழுங்கா வரிசையில நில்லு, அடிக்க மாட்டேன்!"

யாரும் செருப்பைத் தேடவில்லை. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். எதிர்வீட்டுக்காரி என்னைக் கேட்காமலே டீ போடப் போயிருந்தார்.

"வஹினி, சர்க்கரை எங்கே?"

"மேல் தட்டுல, நீல டப்பா!" என்று கூடத்திலிருந்தே கத்தினேன்.

படுக்கையறைக் கதவு திறந்தது. கத்தியது யார் என்று கணவர் எட்டிப் பார்த்தார்.