கருவாடும் ரத்தக் கொதிப்பும்

பி.பி. பார்க்கிற வேலையில் கையில் பட்டியைச் சுற்றினால் போதும், "பேசாதீங்க" என்று சொல்லச் சொல்ல ஜனங்களுக்கு வாய் திறந்துகொள்ளும். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். மேலதிகாரியின் குரல் கேட்டதும் நெஞ்சு படபடக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி, வாருங்கள்.

உட்காரும் ரூம்

பெருக்கித் துடைக்கும் குப்பம்மாக்காவுக்கு பி.பி. கச்சிதமாக இருக்கும். ஆனாலும் தினம் வந்து கையை நீட்டுவார். "உனக்குத்தான் ஒண்ணும் இல்லியேக்கா, ஏன் தெனம் வர்றே?" என்று கேட்டேன். ஃபேனுக்கு நேராகச் சாய்ந்துகொண்டார். "பாக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உக்காருன்னு சொல்றியே, இந்தக் கம்பெனில என்னை உக்காரச் சொல்ற ஒரே ரூமு இதாம்மா."

மெஷின் மேல் பழி

ஏழுமலை பழவேற்காடு பக்கம் மீன்பிடிக் குடும்பம். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர் கிரேன் ஓட்டப் பழகி, பரீட்சையும் தேறிவிட்டார். பாக்கி இருந்தது எங்கள் டாக்டர் தரவேண்டிய தகுதிச் சான்று மட்டும். அங்கேதான் இடித்தது. எப்போது பார்த்தாலும் பி.பி. ஏறிக் கிடக்கும். கொதிக்கும் இரும்பைத் தூக்குகிற கிரேனில் அப்படிப்பட்டவரை யார் ஏற்றுவார்கள்?

டாக்டர் மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கணும், கருவாட்டை அடியோடு நிறுத்தணும், பி.பி. இறங்காவிட்டால் திரும்பவும் லோடுதான் என்று சொல்லிவிட்டார். ஏழுமலை என் மெஷினை முறைத்தார். "எங்க ஊட்டாண்ட பாத்தா நார்மலு, இங்க வந்தா ஏறுது. நான் நல்லாத்தான் கீறேன் சிஸ்டர், உங்க மெஷினுக்குத்தான் கொதிப்பு."

யார் நிறுத்தவில்லை?

அடுத்த தடவை வந்தபோது முதல் அளவு நன்றாகவே வந்தது. சரிபார்க்க இரண்டாவது தடவை பட்டி இறுகும்போது வராந்தாவில் ஷிப்ட் இன்சார்ஜின் குரல். "ஏய் கருவாடு, உள்ளயே படுத்துட்டியா?" எண் ஜிவ்வென்று ஏறியது. எனக்கே ஏறியிருக்கும், அவ்வளவு கோபம்.

அப்புறம்தான் ஏழுமலை வாயைத் திறந்தார். அந்த ஆள் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். நாறுதாம், அதனால் சாப்பாட்டு டப்பாவைக் கேன்டீனில் திறக்கக் கூடாதாம், சைக்கிள் ஸ்டாண்டில்தான் சாப்பிடணுமாம். பட்டியைக் கழற்றிக்கொண்டே, "டாக்டர் சொன்னாரே, கருவாட்டை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டு வைத்தேன். "நான் அன்னிக்கே நிறுத்திட்டேன் சிஸ்டர், அவருதான் இன்னும் நிறுத்தல."

பத்தியம்

இதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒருவரை நாள்தோறும் மட்டமாக நடத்தினால் உடம்பு அதையும் ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறி ஏறிக் கடைசியில் இதயத்தையே பதம் பார்த்துவிடலாம் என்றார். மனிதவள அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்சார்ஜை வரவழைத்தார்.

"இன்னையிலேர்ந்து கருவாட்டை விட்டுடுங்க" என்றார் டாக்டர். இன்சார்ஜ் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பம், நெற்றி நிறைய விபூதி. ரொம்பத்தான் பதறிப்போனார். "நான் சுத்த சைவம் சார். எங்க ஊட்ல அந்தப் பேரையே வாயால சொல்ல மாட்டோம்."

மேலிருந்து

மனிதவள அதிகாரி அதன்பின் தனியாகக் கொடுத்த டோஸில் 'கருவாடு' நின்றது. டப்பா கேன்டீனுக்குள் வந்தது. மாத்திரையும் விடாமல் நடந்தது. கொஞ்ச நாளில் பி.பி. இறங்கி, டாக்டர் சான்றில் கையெழுத்துப் போட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏழுமலை கிரேன் ஏறிய அன்று நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அவர் மேலே கேபினில். இன்சார்ஜ் கீழே, அண்ணாந்தபடி. "ஏய்" என்றார். கிரேன் அசையவில்லை. "யோவ்" என்றார். அதற்கும் அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒருவழியாக "ஏழுமலை" என்றார். கிரேன் நகர்ந்தது. மேலேயிருந்து குரல் வந்தது: "இன்னா சார், இவ்ளோ நேரமா யாரைக் கூப்டுகினு இருந்தீங்க?"

சில கொதிப்புகளுக்கு மாத்திரை ஒருவர் விழுங்க வேண்டும், பத்தியம் மட்டும் இன்னொருவர் இருக்க வேண்டும்.