கீறல் போட்ட தங்க அட்டை

பெட்டி எடைமேடையை விட்டு நகரும்வரை அவர் கைப்பிடியை விடுவதில்லை. விமான கவுன்ட்டரின் மேல் எட்டிச் சாய்ந்து, பெட்டியில் ஒட்டிய சீட்டில் போகிற ஊர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படிப்பார். "ம், இப்ப அனுப்புங்க" என்பது அதன் பிறகுதான்.

லிப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். "கரண்ட்டை நிறுத்தியாச்சு" என்று யார் சொன்னாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொடமாட்டார். கம்பெனியில் அவருக்குப் பெயரே டெஸ்டர். பத்து விரலும் முழுசாக இருப்பது அந்தச் சந்தேகத்தால்தான் என்பது அவர் கட்சி.

கம்பெனி அனுப்பும் ஊர்களுக்கெல்லாம் ஒரே நிறுவனத்தின் விமானத்தில் பறந்து, தங்க அட்டை வாங்கியிருக்கிறார். அதன் கூட்டாளி நிறுவனங்களின் விமானத்தில் போனாலும் அந்த அட்டைக்கு விமான நிலையத்தில் தனி ஓய்வறை உண்டு. கூட ஒருவரை அழைத்துப்போகலாம். "கூட்டாளின்னு வாய் நிறையச் சொல்லுவாங்க. வாசல்ல போய் நின்னாதான் வண்டவாளம் தெரியும்" என்பார். அட்டையை யாராவது மாற்றிவிடுவார்களோ என்று விளிம்பில் ஊசியால் ஒரு கீறல் வேறு போட்டு வைத்திருக்கிறார்.

அன்று கூட்டாளி நிறுவனத்தின் விமானம். முதல்முறையாக மனைவியும் உடன் வந்திருந்தாள். வெளியூர் போகும்போதெல்லாம் அவள் போன் செய்தால் எடுக்கமாட்டார். "ஓய்வறையில அசந்துட்டேன்மா" என்பார். அப்படி ஓர் அறை இருக்கிறதா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

ஓய்வறை வாசலில் இருந்த பெண் போர்டிங் பாஸை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"சார், இதுல நீங்க சாதாரண மெம்பர்தான்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா எங்கதான் அசந்தீங்க?"

"பாத்தியா, நான் சொல்லல? கூட்டாளியாம் கூட்டாளி!"

"டிக்கெட் போடும்போது எந்த நம்பர் கொடுத்தீங்க சார்?" என்றாள் அந்தப் பெண்.

அவர் குரல் இறங்கியது. "நான் பறக்கிறதுக்கான பாயின்ட்டை நீங்க தங்க அட்டை கொடுத்தவங்களுக்கு ஒழுங்கா அனுப்புவீங்கன்னு என்ன நிச்சயம்? அதான் உங்ககிட்டயே புதுசா சேர்ந்து, அந்த நம்பரைக் கொடுத்தேன்."

"அங்கதான் சார் சிக்கல். மெஷினுக்கு அந்தப் புது நம்பர்தான் தெரியும். தங்க அட்டையைக் கொடுங்க, உள்ள போய் மாத்திட்டு வர்றேன்."

நீட்டினார். அவள் இழுத்தாள். ஒரு மூலை அவர் விரலிடுக்கிலேயே இருந்தது.

"இங்கேயே பாத்துக்கக் கூடாதா?"

"விடுங்களேன், முழுங்கிடவா போறாங்க?" என்றாள் மனைவி. "இல்ல, உள்ள போனா பொய்யின்னு தெரிஞ்சிடுமா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை. விரல்கள் மெல்லப் பிரிந்தன.

அந்தப் பெண் திரும்பி வரும்வரை அவர் கண் அவள் போன கதவிலேயே இருந்தது. வந்தவள் புதுப் பாஸ்களையும் அட்டையையும், முன்னால் நின்ற மனைவியின் கையில் கொடுத்துவிட்டாள்.

உள்ளே சோபா இருந்தது, பழச்சாறு இருந்தது, வாயைப் பிளந்து தூங்கும் மனிதர்களும் இருந்தார்கள். மனைவி சோபாவில் சாய்ந்தாள். "நெஜமாவே இருக்குங்க. நான்தான் கண்டதையும் நெனச்சுட்டேன்" என்று சொல்லி, அட்டையை அவரிடம் நீட்டினாள்.

வாங்கியவர், அதை வெளிச்சத்தில் திருப்பி, விளிம்பில் அந்தக் கீறல் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவினார்.